தெரியாதவன் போட்ட ரேட்

நானும் என் வீட்டுக்காரரும் ஆரணியில் சின்ன அளவில் அரசாங்க கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறவர்கள். பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர், சிமென்ட் ரோடு, அங்கன்வாடிக் கட்டடம், வடிகால் என்று எங்கள் கைக்கு அடங்கிய வேலைகள். சிவில் டிப்ளமோ படித்தவள் நான். டெண்டர் கணக்கும் கம்ப்யூட்டரும் என் பொறுப்பு. ஆள் பிடிப்பதும் சைட்டில் நின்று வேலை வாங்குவதும் அவர் பொறுப்பு. இந்தப் பாகப்பிரிவினையில் எங்களுக்குள் பெரிய சண்டை வந்ததில்லை, எங்கள் தெரு வடிகாலுக்கு டெண்டர் வரும் வரைக்கும்.

எங்கள் தெரு பள்ளமான தெரு. மழை பெய்தால் மேட்டுத் தெருக்களின் தண்ணீரெல்லாம் இங்கேதான் வந்து நிற்கும். பாதி வீடுகளில் குழித்தறி. நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு மிதிக்கிற அந்தக் குழிக்குள் தண்ணீர் ஊறினால் தறி நின்றுபோகும். ஒவ்வொரு ஐப்பசிக்கும் தெருவே சொம்பும் வாளியுமாகத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கும். பல வருடம் மனுக் கொடுத்த பிறகு வடிகால் வேலை வந்தது.

அறிவிப்பைப் பார்த்ததும் நான் எஸ்டிமேட்டை வரிவரியாகப் படித்தேன். அதில் ஒரு விஷயம் இல்லை. தெரு திரும்புகிற வளைவில் ஒரு காலத்தில் பொதுக்கிணறு இருந்தது. குழாய்த் தண்ணீர் வந்ததும் அதில் குப்பையையும் இடித்த செங்கல்லையும் கொட்டி மூடி, மேலே ரோடு போட்டுவிட்டார்கள். நான் கல்யாணமாகி வந்தபோதே அது ரோடுதான். ஆனால் நல்ல மழை பெய்தால் அந்த இடம் மட்டும் வட்டமாக உள்வாங்கும். எங்கள் தெருவில் எல்லாருக்கும் அது தெரியும். எஸ்டிமேட் போட்டவருக்குத் தெரியவில்லை.

ஆபீசுக்குப் போய் உதவிப் பொறியாளரிடம் சொன்னேன். சின்ன வயசுக்காரர், கெட்டவர் என்று சொல்ல முடியாது.

"சார், வளைவுல பழைய கெணறு ஒண்ணு கீது. எஸ்டிமேட்டுல வரலையே."

"ரெக்கார்டுல கிணறே இல்ல மேடம்."

"ரெக்கார்டுல இல்லைன்னா பூமில இல்லாம பூடுமா சார்? அங்க தோண்டினா சரியும். அடியில தனியா ஸ்லாப் போட்டுத்தான் மேல கால்வாய ஏத்தணும்."

அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். "இப்ப எஸ்டிமேட்டை மாத்தணும்னா திரும்ப மேல அனுப்பணும். அது வந்து சேர்றதுக்குள்ள மழை வந்துடும். உங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்கே, உங்க ரேட்டுல சேர்த்துக்குங்க."

சேர்த்துக்கொண்டேன். கிணற்று வாயின் இரண்டு பக்கமும் கெட்டியான மண்ணில் உட்காருகிற மாதிரி ஒரு தடித்த ஸ்லாப், குழிக்குப் பலகை முட்டு, தண்ணீர் இறைக்க மோட்டார் வாடகை என்று எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தபோது, எஸ்டிமேட்டுக்குக் கொஞ்சம்தான் கீழே நின்றது எங்கள் ரேட். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் லெஸ் போடேன். நம்ம தெருவாச்சே."

"நம்ம தெருன்றதாலதாங்க இந்த ரேட்டு."

டெண்டரில் போட்ட விலைகளைத் திறந்த அன்று காலையில் லேப்டாப் முன்னால் நான் உட்கார்ந்திருக்க, அவர் பின்னால் நின்றார். எங்கள் ரேட்டுக்கும் கீழே ஒரு பெயர் இருந்தது. நாங்கள் கேள்விப்படாத பெயர். எஸ்டிமேட்டில் கால்வாசிக்கும் மேலே குறைத்துப் போட்டிருந்தான்.

"இன்னாது இது? சைபர் கிய்பர் எதுனா வுட்டுட்டானா பாரு" என்றார் அவர்.

விடவில்லை. தெரிந்தேதான் போட்டிருந்தான். அல்லது, தெரியாமலேதான் போட்டிருந்தான். எது சரி என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியவில்லை. அந்தத் தெருவின் அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவள் அதிக ரேட் போட்டாள், தோற்றாள். தெரியாதவன் குறைத்துப் போட்டான், ஜெயித்தான். அந்த வாரம் முழுக்க நான் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதற்காக நான் பழைய காலத்தை நல்ல காலம் என்று சொல்ல மாட்டேன். ஆன்லைன் வருவதற்கு முன்னால், பெட்டியில் கவர் போடுகிற டெண்டர். கவர் விழுவதற்கு முன்பே ஒரு பிரியாணிக் கடை மாடியில் கான்ட்ராக்டர்கள் கூடி, இந்த வேலை யாருடைய முறை என்று பேசி முடித்துவிடுவார்கள். முறைக்காரர் வாய்க்கு வந்த ரேட்டைப் போடுவார். மற்றவர்கள் அதற்கு மேலே பேருக்குப் போடுவார்கள். எங்களைப் போன்ற சின்ன ஆட்களுக்கு முறை வரவே வராது. ஊர்ப் பணம் அப்படிப் போய்க்கொண்டிருந்தது. ஆன்லைன் வந்தபோது அதிகம் சந்தோஷப்பட்டவள் நான்தான். போட்டி என்று வந்துவிட்டால் ஒழுங்காகக் கணக்குப் போடுகிறவளுக்கு வேலை கிடைக்கும் என்று நம்பினேன். போட்டி கணக்கைப் பார்க்காது, கடைசி எண்ணை மட்டும்தான் பார்க்கும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வேலை எடுத்தவன் செஞ்சி பக்கத்துப் பையன். முப்பது வயசு இருக்கும். முதல் அரசாங்க வேலை. எலுமிச்சம்பழம் கட்டின ஜேசிபியோடு வந்து, தெருமுனையில் பூசணிக்காய் உடைத்து, தெருவுக்கே பொங்கல் கொடுத்தான். எங்கள் வீட்டுக்கும் ஒரு தொன்னை வந்தது. என் வீட்டுக்காரர் அதைத் தொடவில்லை. நான் சாப்பிட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு அவனிடம் போனேன்.

"தம்பி, அந்த வளைவுல பழைய கெணறு மூடிக் கீது. அங்க மட்டும் ஜாக்கிரதையா தோண்டுங்க. ரெண்டு பக்கமும் பலகை முட்டுக் குடுக்காம ஆள எறக்காதீங்க."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "நீங்களும் இதுக்கு டெண்டர் போட்டிருந்தீங்க இல்லக்கா?"

"ஆமா."

"அதான்" என்று சிரித்தான். மரியாதைக் குறைவாக ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சிரிப்புப் போதும். வேலையைக் கெடுக்க வந்த போட்டிக்காரி என்று நினைத்துவிட்டான். வீட்டுக்குத் திரும்பிய என்னிடம் என் வீட்டுக்காரர், "தேவையா உனுக்கு?" என்றார்.

ஜேசிபி இரண்டே நாளில் தெருவின் ஒரு பக்கம் முழுக்கத் தோண்டிப் போட்டது. தோண்டுவது மலிவு. அதற்கப்புறம்தான் கம்பி வேண்டும், சிமென்ட் வேண்டும், கட்டுகிற ஆள் வேண்டும். கம்பி விலை அந்தச் சமயம் ஏறிக்கொண்டிருந்தது. முதலில் ஆட்கள் குறைந்தார்கள். பிறகு மேஸ்திரி மட்டும் வந்து நின்றார். பிறகு அவரும் வரவில்லை. வீட்டு வாசலுக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஆளுயரக் குழி. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பலகை. தறிக்கு நூல் பாவு சுற்றிக் கொண்டுவருகிறவர்களும், நெய்த புடவையை முதலாளி வீட்டுக்கு எடுத்துப்போகிறவர்களும் அந்தப் பலகை மேல் தட்டுத் தடுமாறி நடந்தார்கள். டூவீலர்களெல்லாம் தெருமுனையில் நின்றன.

திட்டு மட்டும் எனக்கு வந்தது. செஞ்சிக்காரன் கண்ணில் படுவதில்லை. நான் தினமும் படுகிறேன். வளைவை ஒட்டிய எதிர்வீட்டு அக்காவும் அவள் வீட்டுக்காரரும் தறி நெய்கிறவர்கள். அவளுடைய மாமனார் கோல் ஊன்றி நடப்பவர். பலகை போட்ட நாளிலிருந்து அவர் வெளியே வரவில்லை. அக்கா பலகையில் நின்றபடியே என்னைக் கூப்பிட்டாள்.

"ஏம்மா, வூட்டுக்கு எதிர்ல வேலைய வெச்சுகினு எவனோ ஒருத்தன்கிட்ட வுட்டுட்டியே?"

"நான் எங்கக்கா வுட்டேன்? அவன் கம்மியா போட்டான், அவனுக்குப் போச்சு."

"அப்ப நீயும் கம்மியா போட வேண்டியதுதானே? இன்னா, லாபம் கொஞ்சம் கொறையும். அதுக்காகத் தெருவயே நாறடிப்பாங்களா?"

அவளிடம் எதை எடுத்துச் சொல்வது? அவன் போட்ட ரேட்டில் லாபம் குறையாது, கால்வாயே குறையும் என்று சொன்னேன். "அதெல்லாம் நீங்க படிச்சவங்க பேசற பேச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். தறிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

என் வீட்டுக்காரர் எங்களிடம் இருந்த சென்ட்ரிங் பலகைகளை எடுத்துக்கொண்டுபோய் வளைவில் முட்டுக் கொடுக்கலாம் என்றார். நான்தான் தடுத்தேன். அடுத்தவன் கான்ட்ராக்டில் நாம் கை வைத்தால், நாளைக்குச் சரிந்தால் நாம் தொட்டதால் சரிந்தது என்பான். விதி அப்படித்தான் இருக்கிறது. "விதியப் பாத்துகினு குந்திகினு இரு" என்று கோபமாகச் சொல்லிவிட்டு அவர் சேவூர்ப் பக்கம் நடந்துகொண்டிருந்த வேறு வேலைக்குப் போனார்.

மழை அதன் நேரத்துக்கு வந்துவிட்டது. இரண்டு நாள் விடாமல் பெய்தது. இரண்டாம் நாள் காலையில் காபி போட்டுக்கொண்டிருந்தேன். மூட்டை விழுந்த மாதிரி ஒரு சத்தம். வெளியே வந்து பார்த்தால், வளைவில் ரோடு வட்டமாக உள்ளே போயிருந்தது. எதிர்வீட்டின் வாசற்படியும் துணி துவைக்கிற கல்லும் குழிக்குள் கிடந்தன. தெருத் தண்ணீர் முழுக்க அந்த வழியாக அக்கா வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. அவள் "பாவு! பாவு!" என்று கத்தினாள். தறிக்குழிக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் ஓடினார். விதி எதுவும் அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை. நானும் பின்னாலேயே ஓடினேன். அவர் முதலில் பெரியவரைத் தோளில் சாய்த்துப் பலகை வழியாகக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் உட்கார வைத்தார். மறுபடி போய், தறியில் இருந்த பாவை அக்காவின் வீட்டுக்காரரோடு சேர்ந்து அவிழ்த்துத் தூக்கிப் பரண் மேல் வைத்தார். திரும்பி வரும்போது பலகையின் ஒரு முனைக்கு அடியில் இருந்த மண் நழுவியது. பலகையோடு அவரும் உள்ளே போனார்.

நாலு பேர் சேர்ந்து தூக்கினோம். கணுக்கால் திரும்பிக் கிடந்தது. அவர் கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு, "நான் சொன்னப்பவே முட்டுக் குடுத்திருக்கலாம்" என்றார். ஆட்டோவில் போகும் வழியெல்லாம் நான் அதற்குப் பதில் தேடிக்கொண்டிருந்தேன்.

காலுக்குக் கட்டுப் போட்டு வீட்டில் படுக்க வைத்துவிட்டு, அதே ஆத்திரத்தோடு ஆபீசுக்குப் போனேன். உதவிப் பொறியாளர் எழுந்து நின்றார்.

"கேள்விப்பட்டேன் மேடம். சார் எப்படி இருக்காரு?"

"படுத்துகினு இருக்காரு. நான் அன்னிக்கே உங்ககிட்ட சொன்னேனா இல்லையா சார்?"

"சொன்னீங்க."

"அந்த ரேட்டுக்கு இந்த வேலைய செய்ய முடியாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவர் கதவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தெரியும் மேடம். தெரிஞ்சு இன்னா பண்றது? கம்மியா போட்டவனை வுட்டுட்டு அதிகமா போட்ட உங்களுக்குக் குடுத்தேன்னு வையுங்க, ஆடிட்டுல என்னைத்தான் கேப்பாங்க. நீ இன்னா வாங்கினேன்னு கேப்பாங்க. வேலை கெட்டுப்போனா கான்ட்ராக்டர் மேல போவும். அதிக ரேட்டுக்குக் குடுத்தா என் மேல வரும்."

இதை அவர் மறைக்காமல் சொன்னதால் எனக்குக் கத்தவும் முடியாமல் போயிற்று. கான்ட்ராக்டை ரத்து செய்யுங்கள் என்றேன். செய்யலாம், நோட்டீஸ், பதில், மறுபடி எஸ்டிமேட், மறுபடி டெண்டர். அதுவரை குழி அப்படியேதான் கிடக்கும் என்றார்.

அந்த வாரக் கடைசியில் செஞ்சிப் பையன் எங்கள் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு பை ஆப்பிள். முகம் பாதியாகியிருந்தது. என் வீட்டுக்காரர் படுத்தபடியே அவனைப் பார்த்தார். காலைத் தூக்க முடிந்திருந்தால் எழுந்து அடித்திருப்பார் என்றுதான் நினைத்தேன்.

"அண்ணா, மன்னிச்சிடுங்க" என்று தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"இன்னாத்துக்குடா அவ்ளோ லெஸ் போட்ட?"

"சர்டிபிகேட்டுக்குண்ணா. ஒரு வேலையாவது முடிச்ச சர்டிபிகேட் இருந்தாத்தான் பெரிய டெண்டர்ல சேத்துக்குவாங்க. முதல் வேலை, கைக்காசு போனாலும் பரவால்லன்னு போட்டேன். இப்ப போறதுக்குக் கைல ஒண்ணும் இல்ல. வீட்ல இருந்த நகை எல்லாம் வெச்சாச்சு." பிறகு என்னைப் பார்த்தான். "அக்கா, நீங்களே எடுத்துச் செய்யுங்க. பேரு மட்டும் என் பேர்ல இருக்கட்டும்."

"உன் ரேட்டுக்கா?"

அவன் ஆப்பிள் பையை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தான்.

என் வீட்டுக்காரருக்கு அதற்குள் கோபம் வடிந்திருந்தது. அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது, பிடித்ததும் அதுதான். "பாவம், எதுனா பண்ணேன்" என்றார் என்னிடம். காலில் கட்டோடு படுத்திருக்கிறவர் சொல்கிறார். எனக்கு எரிச்சலில் அழுகையே வந்துவிட்டது. அடுப்படிக்குப் போய் கொஞ்ச நேரம் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் ஜன்னல் வழியாக எதிர்வீட்டுக் குழி தெரியும். அக்கா வாளியால் தண்ணீர் இறைத்து ரோட்டில் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றின தண்ணீர் சுற்றிக்கொண்டு அதே குழிக்குள் போய்க்கொண்டிருந்தது.

அவன் பெயரில் வேலை செய்வதற்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை. அது சட்டப்படி தப்பு, கணக்குப்படி தற்கொலை. ஒன்றுதான் வழி. கிணற்றுப் பகுதி எஸ்டிமேட்டில் இல்லாத வேலை. அதைக் கூடுதல் வேலை என்று காட்டி மேலே அனுமதி வாங்கினால், அந்தப் பகுதிக்கு அவனுக்குத் தனியாகப் பணம் வரும். அந்தப் பணம் வந்தால் மற்றதையும் எப்படியோ முடித்துவிடுவான். நானே கணக்குப் போட்டு, படம் வரைந்து, தெருவில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி, அவனையும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன்.

உதவிப் பொறியாளர் அதை இரண்டு தடவை படித்தார். "லெஸ் போட்டு எடுத்துட்டு எக்ஸ்ட்ராவுல புடிச்சுக்கறான்னு மேல சொல்லுவாங்க" என்றார்.

"பண்றவங்க பண்றாங்க சார். இவன் பண்ணல. டெண்டர் போடும்போது இவனுக்குக் கெணறு இருக்கறதே தெரியாது."

"அதுதான் பாயின்ட்." அவர் பையனை வெளியே காத்திருக்கச் சொன்னார். அவன் போனதும் மேஜை மேல் குனிந்தார். "எதிர்பாராம வந்த தடங்கல்னாத்தான் மேடம் கூடுதல் வேலை குடுக்க முடியும். டெண்டருக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்னு வந்தா, எஸ்டிமேட்டுல ஏன் சேர்க்கலன்னு கேப்பாங்க. இதுல, மூணாவது பாராவுல, முன்பே தெரிவித்திருந்தேன்னு எழுதியிருக்கீங்க. அந்த வரிய மட்டும் எடுத்துடுங்க."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. முதன்முதலில் சொன்னது நான். அதற்காக ரேட்டை ஏற்றித் தோற்றது நான். கால் உடைந்து கிடப்பது என் வீட்டுக்காரர். இப்போது வேலை நடக்க வேண்டுமானால், அங்கே கிணறு இருப்பது எனக்கே தெரியாது என்கிற மாதிரி எழுத வேண்டும்.

"எழுதலன்னா?"

"ரத்து பண்ணித் திரும்ப டெண்டர் விடறதுதான். அடுத்த மழைக்கு ஆவும்."

நான் அந்த மனுவைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்தேன். பையன் பக்கத்தில் வந்து, "இன்னாக்கா சொல்றாரு?" என்றான். "ஒண்ணுமில்ல, ஒரு பக்கம் திரும்ப டைப் அடிக்கணும்" என்றேன். பக்கத்துக் கடையில் அடித்தோம். அந்த வரி இல்லாத மனுவில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர், "வுடு, வேலை ஆனா போதும்" என்றார். அன்றைக்கு அவரோடு நான் பேசவில்லை.

மேலதிகாரி நேரில் வந்தார். ஜேசிபி குப்பையை வாரிப்போட, உள்ளே வட்டமாகக் கட்டின பழைய செங்கல் சுவர் தெரிந்தது. "அட, கிணறு!" என்றார் அவர். "யாருக்குமே தெரியாம இருந்திருக்கு பாருங்க." உதவிப் பொறியாளர் என் பக்கம் திரும்பவே இல்லை. கையெழுத்துப் போட்ட தெரு மொத்தமும் அங்கே நின்றிருந்தது. யாரும் வாய் திறக்கவில்லை, நான் கேட்டுக்கொண்டதால்தான்.

அனுமதி வந்தது. ஸ்லாப் நான் வரைந்த படத்தின்படியே விழுந்தது. கான்கிரீட் போட்ட அன்று என் வீட்டுக்காரர் நாற்காலியைத் தெருவில் போட்டு உட்கார்ந்து, கட்டுக் காலை நீட்டிக்கொண்டு, "டேய், தண்ணி அதிகமா ஊத்தாதீங்கடா" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் கூப்பிட்ட குரலுக்கெல்லாம் பையன், "சரிண்ணா, சரிண்ணா" என்று ஓடினான். வேலை முடிந்தது. அவனுக்கு சர்டிபிகேட் கிடைத்தது.

கடைசி பில் போட்ட பிறகு உதவிப் பொறியாளர் என்னை ஆபீஸ் வாசலில் பார்த்தார். "கூடுதல் வேலையெல்லாம் சேர்த்தா கடைசியில உங்க ரேட்டுகிட்டயே வந்து நின்னுடுச்சு மேடம்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதோடு அக்காவின் வாசற்படியையும், அவள் தறி நின்று கிடந்த நாட்களையும், பாவில் நனைந்து சாயம் இறங்கின பகுதிக்கு முதலாளி கூலியில் பிடித்ததையும், எங்கள் ஆஸ்பத்திரிச் செலவையும் யார் பில்லில் சேர்ப்பது என்று கேட்டேன். அவர் மணி பார்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதற்கடுத்த மழையில் தண்ணீர் தெருவில் நிற்காமல் ஓடியது. அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "பரவால்லமே, அந்தப் புள்ள நல்லாத்தான் போட்டுக் குடுத்திருக்கான்" என்றாள் என்னைப் பார்த்து. "ஆமாக்கா" என்றேன்.

இப்போது நாங்கள் பெரும்பாலும் தனியார் வீடுகள்தான் கட்டுகிறோம். என் வீட்டுக்காரருக்கு ஏணி ஏறினால் கணுக்கால் வீங்குகிறது. அதனால் சைட்டிலும் பாதி நேரம் நான்தான். போன மாதம் சந்தவாசல் பக்கம் ஒரு சின்னப் பாலம் டெண்டருக்கு வந்தது. அவர்தான் கேட்டார். "போட்டுப் பாக்கலாமா?"

வண்டியில் போய் இடத்தைப் பார்த்தோம். ஓடையை ஒட்டி நெல் வயல். களை பறித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் விசாரித்தேன். பழைய கருங்கல் மதகு ஒன்று மண்ணுக்குள் புதைந்து கிடக்கிறது, உழும்போது ஏர்க் கொழு இடிக்கும் என்றாள். எஸ்டிமேட்டில் மதகு இல்லை. நான் என்ன செய்வேன் என்று அவருக்குத் தெரியும். கல்லை உடைத்து எடுக்கிற செலவையும் சேர்த்துத்தான் ரேட் போட்டேன்.

கிடைக்கவில்லை. எவ்வளவு லெஸ்ஸில் யாருக்குப் போனது என்று நான் பார்க்கவில்லை. அவர் பார்த்தார். என்னிடம் சொல்லவில்லை.